ஆயுத பூஜைக்குத் துடைத்த கண்ணாடி

என் மனைவி ஒரு படிகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஆழ் புற ஊதா லேசருக்கான படிகம். உள்ளே நுழையும் ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்கி வெளியே விடும். அப்படி ஒன்று ஏற்கெனவே உண்டு. அதில் பெரிலியம் இருக்கிறது. அதைத் தயாரிக்கும் தூள் மூச்சோடு போனால் நுரையீரல் கெடலாம். அவள் தேடுவது பெரிலியம் இல்லாத ஒன்றை. ஆனால் புதியது தேறுமா என்று பார்க்க, பழையதையும் செய்து பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். அதற்காகக் கொஞ்சம் தூள் அவளுடைய ஆய்வகத்தில் இருந்தது.

ஆயுத பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, கூடுவாஞ்சேரியில் சாமந்திச் சரம் வாங்கிக்கொண்டு, அதற்கு அப்பால் இருக்கும் கல்லூரிக்குப் போனோம். அதற்கு முந்தைய சில நாட்கள் அவள் விடுப்பில் இருந்தாள்.

ஆய்வகத்தில் பினாயிலும் கற்பூரமும் மணத்தன. உலைகளுக்குச் சந்தனம், குங்குமம். மேசையில் விரித்த செய்தித்தாளின் மேல் பொரி. புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி ஓடி வந்தாள்.

"அக்கா, உங்க ஹுட்டைப் பாருங்க. மாமியாரே வந்தாலும் குறை சொல்ல முடியாது."

ஹுட் என்பது காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டு. தூளை அதற்குள் வைத்துத்தான் கையாள வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. கண்ணாடியில் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்த இடத்தில் இப்போது ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

"எதால சுத்தம் பண்ணின?"

"பிரஷ்ஷால தட்டிட்டு, கீழ விழுந்ததைப் பெருக்கிட்டேன்க்கா. ஹுட் ஃபேன் ரொம்பச் சத்தமா இருந்துச்சு, ஆஃப் பண்ணிட்டேன்."

ஈரத்துணியால் மட்டுமே ஒற்றி எடுக்க வேண்டிய தூள் அது. அந்தத் தாளில் அதுதான் எழுதியிருந்தது. மஞ்சளாகிவிட்டதென்று மாணவி அதைக் கிழித்திருந்தாள்.

"எல்லாரும் வெளிய போங்க. எதையும் தொடாதீங்க." கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத குரல். பொரி அப்படியே கிடக்க, கதவு பூட்டப்பட்டது.

நடைபாதையில் மாணவி கேட்டாள்: "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

ஆகாது என்று மனைவி சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. பலருக்கு ஒன்றும் வருவதில்லை என்றாள். வந்தாலும் தெரியப் பல வருடங்கள் ஆகலாம் என்றாள். டாக்டரிடம் தானே கூட்டிப்போவதாகச் சொன்னாள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. வருடா வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் சாதாரணச் சளிக்கு இருமினாலும், இருமி முடித்ததும் அந்தப் பெண் என் மனைவியின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறாளாம்.