சொல்லக் கூசும் இடத்தில் கரப்பான்

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் பதினேழு வருடம் சேல்ஸ்மேனாக இருந்தேன். கல்யாணப் புடவை எடுக்க அம்மா, பெண், அத்தை, சித்தி என்று ஏழெட்டுப் பேர் வருவார்கள். நாள் முழுக்க அவர்கள் முன்னால் நின்று புடவையை விரிக்க வேண்டும். அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு சித்திரை மாதத்தில்தான் எனக்கு விதைப்பையில் அரிப்பு ஆரம்பித்தது.

வேர்வை என்று நினைத்தேன். மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, தடித்த யூனிஃபார்ம் பேன்ட்டோடு பத்து மணி நேரம் நின்றால் யாருக்கும் அரிக்கும்தானே? ஆனால் இது ஏசியிலும் அடங்கவில்லை. ஜரிகையைப் பற்றிப் பேசிக்கொண்டே நகத்தால் உள்ளங்கையைக் கிள்ளிக்கொள்வேன். முடியாதபோது, "இதே கலர்ல வேற பார்டர் இருக்குதும்மா, எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்கு ஓடுவேன். சொறியும்போது கிடைக்கிற சுகம் அரை நிமிடம். அப்புறம் எரிச்சல், கசிவு, மறுபடி அரிப்பு.

பக்கத்துக் கவுன்டர் நண்பன் கவனித்துவிட்டான். "இன்னா மச்சி, காலைலேர்ந்து நெளிஞ்சிக்கினே கீற? படர்தாமரைதான். மெடிக்கல்ல ஒரு ட்யூப் விக்கிறான். ரெண்டே நாள்ல கம்முனு அடங்கிடும்."

அடங்கத்தான் செய்தது. பத்து நாளில் திரும்பி வந்தது. இன்னொரு ட்யூப். இப்படியே மூன்று வருடம் ஓடியது. கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டதில்லை, என்னைப் பார்த்ததும் எடுத்து வைத்துவிடுவார். அழுக்கால் வருகிறது என்று நினைத்து, தினம் இரண்டு வேளை கிருமிநாசினி ஊற்றிக் கழுவினேன். தண்ணீர் பட்டாலே உயிர் போகிற நிலைமை வந்த பிறகும் கழுவினேன்.

வீட்டில் சொல்லவில்லை. ஒரு வருடமாக மனைவி பக்கமே போகாமல் இருந்தேன், அதற்கும் காரணம் சொல்லவில்லை. அலுப்பு என்றேன், சீசன் என்றேன். கடைசியில் என் ஜட்டியில் ரத்தக்கறையைப் பார்த்துவிட்டாள். துணி அலசுவதை நிறுத்தாமல், என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"வெளில எங்கனா போயிட்டு வந்தீங்களா?"

"என்ன பேச்சு பேசற நீ?"

"கேட்டேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கத்தினேன். பக்கத்து வீட்டில் கேட்கும்படி கத்திவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனேன். அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை.

சில மாதம் கழித்து ரேஷன் கார்டைத் தேடும்போது பீரோவில் ஒரு கவர் கிடைத்தது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், அவள் பெயரில். பால்வினை நோய்கள் ஒவ்வொன்றாக எழுதி, எதிரே எதுவும் இல்லை என்று அச்சடித்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, அன்றைக்கும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். கவரை இருந்த இடத்திலேயே வைத்தேன். பார்த்ததாக இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

கடையிலும் முடிந்துபோனது. அடக்க முடியாமல் கவுன்டருக்குப் பின்னாலேயே நான் சொறிந்ததைப் பார்த்து, ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா புகார் சொல்லிவிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவரான சூப்பர்வைசர் என்னை மாடிப்படி ஓரமாக அழைத்தார்.

"லேடீஸ் வர்ற எடம்ணே. கேமராவுலயும் பாத்தேன். நான் இன்னாண்ணே சொல்றது?"

அரிப்பு நோய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதுவே ஒரு அசிங்கம். "நாளைலேர்ந்து குடோன் பாத்துக்குங்க" என்றார். பார்சல் கட்டும் இடம். அங்கே ஏசி கிடையாது.

அதற்குப் பிறகுதான் அடையாறில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். உள்ளே இருந்தவர் பெண். திரும்பிவிடலாம் என்று எழுந்தவனை, "உக்காருங்க சார், இதுக்குன்னு தினமும் நாலு பேர் வராங்க" என்றார். ஒரு ஆண் உதவியாளரைக் கூட வைத்துக்கொண்டு, விளக்கைப் பிடித்துப் பார்த்தார். நான் சுவரில் இருந்த ஸ்விட்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எக்ஸிமா. கரப்பான்னு சொல்லுவாங்க. யாருக்கும் தொத்தாது, யார்கிட்டேர்ந்தும் வரலை. என்ன போட்டீங்க?"

ட்யூபைக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷம்."

"இதுல ஸ்டீராய்டு இருக்கு சார். அந்த எடத்துத் தோலே மெல்லிசு. இன்னும் தேஞ்சு போயிருக்கு. இத நிறுத்தணும். நிறுத்தினா கொஞ்ச நாள் இதைவிட மோசமாகும், பயப்படாதீங்க."

"முழுசா போயிடுமா டாக்டர்?"

"கட்டுக்குள்ள வெச்சிக்கலாம்" என்றார். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்ன மாதிரியே மோசமானது. ஆறு வாரம். தோல் சிவந்து வீங்கி உரிந்தது. புதுக் களிம்பு முதல் நாட்களில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஐம்பதை நெருங்கும் ஆள், வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு.

ஒரு காலை மனைவி கதவைத் தட்டினாள். திறந்து, டாக்டர் சீட்டை அவள் கையில் கொடுத்தேன். தொத்தாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நெடுநேரம் படித்தாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

இப்போது சோப்பு கிடையாது. தளர்ந்த பருத்தித் துணி மட்டும்தான். வாசனையில்லாத மெழுகுக் களிம்பைக் காலையும் மாலையும் தடவுகிறேன். துணியில் சோப்புத்தூள் தங்காதபடி அவள் மூன்று முறை அலசிக் காயப்போடுகிறாள். மூன்று வாரம், நான்கு வாரம் நன்றாகப் போகும். கிட்டப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த மூன்று வருடம் அப்படியே கிடக்கிறது. நான் கை நீட்டினால் அவள் விலகுவதில்லை. விலகாமல் இருப்பதற்கு அவள் முயற்சி எடுப்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

போன வாரம் மறுபடி வந்துவிட்டது. காரணம் எதுவும் இல்லை. நான் நடக்கும் விதத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து, "திரும்பவுமா?" என்றாள்.

"ஆமா."

அவள் கொத்தவரங்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் களிம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டேன்.