பாட்டுக்கு அடியில் அப்பாவின் குரல்

"உன் அப்பா என்ன அருமையாகப் பாடுகிறார்!" என்று டோரதி சொன்னதும் எனக்குப் புரையேறிவிட்டது. டோரதி எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, இந்த நியூ ஜெர்சியில் எனக்கு முதலில் கிடைத்த சிநேகிதி. வரவேற்பறை டிவியில் என் கல்யாண கேசட் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அப்பா கையை ஓங்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வாயை முழுசாகத் திறந்து நின்றார். பின்னணியில் ஒரு சினிமாப் பாடகர் காதலியை நினைத்து உருகிக்கொண்டிருந்தார். பாழாய்ப்போன வாயசைவும் பாட்டும் அச்சாகப் பொருந்திப் போயின. "அவர் பாடவில்லை, சமையல்காரரைத் திட்டுகிறார்" என்றேன். நான் அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மகள் கல்யாணத்தில் மேடையேறிப் பாடும் தகப்பன் எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில் கல்யாணம் முடித்தவர்கள் வீட்டிலெல்லாம் இதே கேசட்தான். ரோஜாப்பூவுக்குள் மாப்பிள்ளை முகம் சுற்றும், இதயத்துக்குள் பெண் முகம் சுற்றும், ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டு ஓடும். மேளம் கேட்காது, யார் பேசியதும் கேட்காது. அதுவும் இங்கே வந்து போட்டால் வெறும் கோடுதான் ஓடியது. நம் ஊர் கேசட் அமெரிக்க வீடியோ டெக்கில் ஓடாதாம்! பல வருஷம் சேலைக்கு அடியில் கிடந்த கேசட்டை, பக்கத்து ஊரான எடிசனில் ஒரு குஜராத்திக்காரர் கடையில் கொடுத்து இந்த ஊர் டெக்குக்குத் தோதாக மாற்றி வாங்கி வந்தேன். அன்றைக்கு எனக்குத் தீபாவளிதான். அந்தச் சந்தோஷத்தில்தான் டோரதியையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

அவள் போனபிறகு என் மகள் மீனா, "தாத்தா வாய்ஸ் அப்படித்தான் இருக்குமாம்மா?" என்று கேட்டாள். இல்லையடி என்று சிரித்துக்கொண்டே, அவர் மாதிரிப் பேசிக் காட்ட வாயைத் திறந்தேன். என் குரல்தான் வந்தது. மறுபடியும் முயன்றேன், வரவில்லை. அப்பா இறந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள்ளா?

அதுவும் எப்பேர்ப்பட்ட குரல்! அருப்புக்கோட்டையில் எங்கள் நூல் கடைக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி. அந்தத் தடதடப்புக்கு மேலே பேசிப் பேசி, அப்பாவுக்கு ரகசியம்கூடத் தெருமுனை வரை கேட்கும். திருச்சுழி பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் மழை பற்றி விசாரித்தால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். அமெரிக்காவுக்குப் போன் பண்ணினால் மீனா ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். அப்போது அவள் சின்னக் குழந்தை, இப்போது நினைவில்லை. அவ்வளவு சத்தம் போட்ட மனுஷனின் சத்தம் என் வீட்டில் ஒரு துளி இல்லை. எங்கிருந்தாவது அதைக் கொண்டுவந்தே தீருவது என்று எனக்குள் வெறி ஏறிவிட்டது.

சனிக்கிழமை காலையில் ஊருக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். தம்பி செல்வம் எடுத்தான்.

"ஏலே செல்வம், ஏங் கல்யாண வீடியோவுக்கு எவன்டா பாட்டை ஏத்துனது? அப்பா பேசுனது ஒரு வார்த்தை இல்லடா!"

அவன் சிரித்தான். "அப்பாதான்க்கா ஏத்தச் சொன்னாக! 'ஏஞ் சத்தம் வீடியோவுல வந்தா சம்பந்தகாரக என்ன நெனப்பாக, பூராம் பாட்டைப் போட்டு அமுக்கிரு'ன்னு வீடியோக்காரர்ட்ட ஒத்தக் கால்ல நின்னாக."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாட்டு ஏற்றுவதற்கு முன்னால் எடுத்த மூல கேசட் இருக்குமே, அதைக் கண்டுபிடி என்று விரட்டினேன்.

மறுவாரம் அவன் குரல் இறங்கியிருந்தது. "அந்தக் கேசட்டு மேலேயே வீடியோக்காரர், பக்கத்து ஊரு வீரசோழன்ல ஒரு பாய் வீட்டுக் கல்யாணத்தை எடுத்துட்டாராம்க்கா. புதுக் கேசட்டு வாங்கி மாளாதுன்னு எல்லாத்தையும் அப்படித்தான் எடுப்பாராம்." செல்வம் என்னை மாதிரி ஆள் இல்லை, பொறுமைசாலி. எதற்கும் இருக்கட்டும் என்று வீடியோக்காரரிடம் அந்த வீரசோழன் கேசட்டை வாங்கிவந்து, டெக்கை வாடகைக்கு எடுத்து, முன்பின் தெரியாதவர்கள் கல்யாணத்தை மாப்பிள்ளை அழைப்பிலிருந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

அடுத்த நாளே போன் வந்தது. "யக்கா! கெடச்சிருச்சு! அவுக கல்யாணம் முடிஞ்சி கொஞ்ச நேரம் கோடு ஓடுது, பெறகு நம்ம பந்தி வருது! பாட்டு கீட்டு ஒண்ணுமில்ல. அப்பா பேசுறாகக்கா!"

"என்னடா பேசுறாக?"

"சொல்லமாட்டேன். போன்ல போட்டுக் காட்டவா?"

"வேணாம், வேணாம்! நான் நேர்லயே பாத்துக்கிறேன்" என்று கத்தினேன். கத்தியபிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நேரில் பார்க்க அப்பா ஏது?

அவன் இன்னொரு நல்ல காரியமும் செய்தான். வீரசோழன்காரர்கள் வீட்டு கேசட்டிலும் பாட்டைத் தவிர ஒன்றும் கேட்காதல்லவா? ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தான். கல்யாணப் பெண் இப்போது மலேசியாவில் இருக்கிறாளாம். அவள் அம்மா, மகள் சிரிக்கும் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போடச்சொல்லிக் கேட்டார்களாம். இவனைச் சாப்பிடாமல் விடவில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கேசட் விருதுநகர்க்காரர் ஒருவர் மடியில் வந்து சேர்ந்தது. விமான நிலையத்து எக்ஸ்ரேயில் போனால் படம் அழிந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட, அவர் அதை ஈரத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார்! எக்ஸ்ரே ஒன்றும் செய்யவில்லை, ஈரம்தான் கெடுக்கப் பார்த்தது. குஜராத்திக்காரர் தலையில் அடித்துக்கொண்டு காயவைத்து, மாற்றிக் கொடுத்தார். முன்னால் இருப்பது உங்கள் கல்யாணம் இல்லையே, வெட்டிவிடவா என்று கேட்டார். கை வைக்காதீர்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடித்துவிட்டு உட்கார்ந்தோம். டோரதி நல்ல உடுப்பு உடுத்தி, உன் அப்பாவின் புதுப் பாட்டு கேட்க வந்தேன் என்று வந்திருந்தாள். திருத்த எனக்கு நேரமில்லை. வீரசோழன் பெண் வெட்கப்பட்டாள், சிரித்தாள், போனாள். கோடு ஓடியது. சட்டென்று வாழை இலை, இரைச்சல், பாத்திரச் சத்தம். அதற்கெல்லாம் மேலே, டிவி அதிர ஒரு குரல்: "ஏலே! கடைசி எலைக்கு ரசம் போகலை பாரு! கண்ணைப் பெடரியிலயா வச்சிருக்க?"

ஐயோ, அப்பா! டோரதி துள்ளி எழுந்துவிட்டாள். மீனா சோபாவுக்குப் பின்னால் ஓடினாள். நான் சிரித்தேன், அழுதேன், என் கணவரின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

அப்பா கேமராவைப் பார்த்துவிட்டார். முகம் மாறியது. "ஏய், இதுல பேசுறதும் விழுகுமா?" என்றார். "விழுகும் அண்ணாச்சி" என்று வீடியோக்காரரின் குரல். அவ்வளவுதான், துண்டைச் சரிசெய்தார். நான் பிறந்ததிலிருந்து கேட்டேயிராத ஒரு மெல்லிய குரலில், கேமராவுக்கு வெகு அருகில் வந்து, "சாப்ட்டீகளா?" என்றார்.

மீனா சோபாவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகத் தலையை நீட்டினாள். "எஸ் தாத்தா, ஐ ஜஸ்ட் ஏட்" என்றாள்.

டோரதி என் தோளைத் தொட்டு, அவர் என்ன கேட்டார் என்றாள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே என்ற ஒரே பதற்றம்தான் எனக்கு. டிவியை நோக்கி ஓடி, முழங்காலிட்டு, அவருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்: "சாப்ட்டாளாம்ப்பா!"