மூன்றாம் கதவுக்குப் பின்னால்

கக்கூஸ் சுவரில் எழுதுவது சம்பளமும் பெயரும் இல்லாத தொழில்தான். ஆனால் வாசகர்கள் தினமும் தவறாமல் வந்து உட்கார்ந்து படிக்கிற எழுத்து வேறு எது இருக்கிறது? எங்கள் காலேஜ் ஹாஸ்டலில் போன வருஷம் முழுக்க நான் அதைச் செய்தேன். உங்களில் பலரும் இந்தத் தொழிலில் இருந்திருப்பீர்கள். கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

வார்டன் குரல்

சாக்பீஸ் வெள்ளைச் சுவரில் தெரியாது. பால்பாயிண்ட் பேனா நாலு எழுத்திலேயே மூச்சை விட்டுவிடும். மெஸ் அடுப்புக்கரிதான் சரி. ஆனால் கரி எல்லோருக்கும் கிடைக்கும், குரல் கிடைக்காது. ‘வூட்டுக்குப் போறேன்’ என்று பேசுகிற பையன்கள் சுவரைக் கண்டால் மேடைப் பேச்சாளர் ஆகிவிடுவார்கள். ‘உயிரே, உனக்காகக் காத்திருப்பேன்’ என்று ஒருவன். அதற்குக் கீழே திட்டுகிறவனும் செந்தமிழில்தான் திட்டுவான். ஆங்கிலத்தில் எழுதுகிறவன் ஆங்கிலத்தில் பெயிலானவனாக இருப்பான். யாரும் பேசுகிற மாதிரி எழுதுவதில்லை. அந்த இடம் காலியாக இருந்தது, நான் புகுந்துவிட்டேன்.

முதலில் வார்டன். ‘ஏய், தண்ணி ஊத்திட்டுப் போங்கடா. உங்கப்பன் கட்டி வெச்சதா இது?’ என்று கதவுக்கு எதிரே எழுதினேன். ஒரு வாரம் ஹாஸ்டலே ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியது. விஷயம் கேள்விப்பட்டு வார்டன் வந்தார். இடுப்பில் கை வைத்து இரண்டு தடவை படித்துவிட்டு வாட்ச்மேனிடம் சொன்னார்: “இத நான் எழுதலைய்யா. ஆனா எழுதியிருந்தா இப்படித்தான் எழுதியிருப்பேன்.”

பென்சில் எழுத்து

மூன்றாவது கக்கூஸில், உட்கார்ந்தால் மட்டும் கண்ணில் படுகிற உயரத்தில், ஒரு நாள் பென்சிலில் பொடியாக ஒரு வரி இருந்தது: ‘முதல் வருடம். ஆங்கில வகுப்பில் ஒன்றும் புரியவில்லை. யாரிடம் கேட்பது?’

வகுப்பில் கை தூக்கிக் கேட்க முடியாதவன் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கேட்டிருக்கிறான். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குக் கீழே இருந்த காலி இடம். ஆங்கில வாத்தியார் குரலில் எழுதினேன்: ‘மை டியர் பாய், இந்த டவுட்டையும் தமிழிலேயே கேட்கிறாயா? கெட் அவுட்.’ சாயங்காலம் மற்ற கக்கூஸ்கள் காலியாக இருக்க, மூன்றாவதற்கு மட்டும் கியூ நின்றது. மறுநாள் பார்த்தால் பென்சில் வரியை யாரோ எச்சில் தொட்டு அழித்திருந்தார்கள். என் வரி அப்படியே இருந்தது. பக்கத்து அறைக் குமார் சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்: “டேய், அந்தாளு கனைக்கிறதுகூடக் கேக்குதுடா.”

பருப்பு

என் அறையில் ஆரோக்கியம் என்று ஒருவன். நல்லம்பள்ளியைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். அப்பா கூலி வேலை. அங்கிருந்து வருகிற முதல் பஸ் தர்மபுரி சேர்வதற்குள் இங்கே இரண்டு பாடம் முடிந்துவிடும். அதனால் இலவச ஹாஸ்டல் சீட் இருந்தால்தான் அவனுக்குப் படிப்பு. எதைக் கேட்டாலும் ‘சொன்னா கோவிச்சுக்காதீங்க’ என்றுதான் ஆரம்பிப்பான், உப்பு கேட்பதானாலும்.

அந்தக் குரலை விட மனசு வரவில்லை. எழுதினேன்: ‘சொன்னா கோவிச்சுக்காதீங்க சார், சாம்பாருல பருப்பக் காணோம். உங்க வூட்டுப் பக்கம் வந்துச்சுங்களா?’

இந்தத் தடவை வார்டன் ரசிக்கவில்லை. எங்கள் எல்லோரையும் வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்து, அந்த வரியை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தபோது ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, உயிரே இல்லாமல் சொன்னேன். நான் நடித்ததிலேயே நல்ல நடிப்பு அதுதான். அடுத்தது ஆரோக்கியம். அவன் வாயில் அது அவ்வளவு இயல்பாக வந்தது. வரிசை முழுக்கச் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பே தீர்ப்பாகிவிட்டது.

“நான் எழுதலைங்க சார்” என்று ஒரே தடவை சொன்னான். பிறகு என்னைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன். வார்டன் சொன்னார்: “எழுதுனவனுக்குத்தான்யா அது தடுக்காம வரும். பெட்டியக் கட்டு.”

பஸ் ஸ்டாண்டில்

அவன் தகரப் பெட்டியை நான்தான் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தூக்கிப் போனேன். பெங்களூரில் மாமா கட்டட வேலையில் இருக்கிறார், அங்கே போகிறேன் என்றான். “நாளைக்கே வார்டன்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்டா. சீட்டு திரும்பக் கெடைச்சுரும்” என்றேன். அவன் பெட்டியை வாங்கிப் பஸ்ஸில் ஏற்றினான். அந்த ‘நாளைக்கு’ இன்னும் வரவில்லை. இப்போது நான் இரண்டாம் வருஷம்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் குனிந்தான்: “சொன்னா கோவிச்சுக்காத. பென்சில்ல கேட்டது நாந்தான். நீ எழுதுன பதிலு வாத்தியாரு பேசுன மாதிரியே இருந்துது. நீ பேசுற மாதிரி எழுதியிருந்தீன்னா எனக்குப் புரிஞ்சிருக்கும்.”

லீவில் சுவருக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். ஊரில் இருக்கிற அத்தனை குரலிலும் எழுதத் தெரிந்த எனக்கு, ‘எழுதினது நான்’ என்று என் குரலில் எழுத மட்டும் இன்னும் கை வரவில்லை.