அண்ணனின் கறிவேப்பிலையும் வால் முளைத்த செல்களும்

“மருந்து படாத செல்களிலும் வால்.” எங்கள் சமையலறை நாட்காட்டியில், ஜூலை இரண்டாம் செவ்வாய்க் கட்டத்தில், மனைவியின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது.

பூச்சிமருந்து மனித இரத்தச் செல்களின் மரபணு இழையை எப்படி அறுக்கிறது, அதில் ஆக்ஸிஜனேற்றத்தின் பங்கு எவ்வளவு என்பதுதான் அவளுடைய ஆய்வு. மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தால் சேதமில்லாத செல் முழுநிலவாகத் தெரியும். இழை அறுந்த செல்லுக்கு வால்நட்சத்திரம்போல வால் நீளும். ஒப்பிட, மருந்து படாத ஒருவரின் இரத்தம் வேண்டும். நியூசிலாந்தில், எங்கள் ஓக்லாந்து நகரின் மாசி என்ற புறநகரில் இருக்கும் அவளுடைய அண்ணன் கொடுத்தார். அதில்தான் வால். செய்முறையே பிழை என்றார் பேராசிரியர். அடுத்த முறையும் இப்படியே வந்தால் சோதனையைக் கைவிட வேண்டும்.

அந்த ஞாயிறு அண்ணன் வீட்டில் சாப்பாடு. குளிர்காலத்தில் ஓக்லாந்துக் கறிவேப்பிலைகள் குச்சியாக நிற்கும். அவருடைய வரவேற்பறைச் சாடியில் மட்டும் இலை பளபளத்தது.

“அண்ணா, இதுக்கு என்ன அடிக்கிறனீங்கள்?” என்று கேட்டாள் மனைவி.

“பூச்சி ஸ்பிரே. கிழமைக்கு ஒருக்கா. ஜன்னலைப் பூட்டிப்போட்டுத்தான் அடிப்பன், செடிக்குக் குளிர் ஆகாது.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “மருந்தோட சம்பந்தமில்லை எண்டு சொன்னனீங்கள்?”

“பண்ணையில வேலை செய்யிறனீங்களோ எண்டெல்லோ கேட்டனி. நான் பென்ரோஸ் கிடங்கில பெட்டி அடுக்கிறவன். எனக்கெங்கால பண்ணை?”

“இலை கேட்டு வாற சனத்துக்கு ஓர்கானிக் எண்டு சொல்லி வேற குடுக்கிறார்,” என்றார் அண்ணி.

செவ்வாய்க்குப் பிறகு அன்றுதான் மனைவி சிரித்தாள்.

இரத்தம் கொடுப்பவரிடம் கேட்கும் கேள்வியைத் திருத்தி, வீட்டு ஸ்பிரேயையும் சேர்த்து எழுதினாள். இம்முறை இரத்தம் என்னுடையது. எங்கள் செடியைப் பூச்சி தின்று தீர்த்து வெகு காலம், வீட்டில் ஸ்பிரே கிடையாது. அதே கை, அதே செய்முறை. புதன் மாலை என் கைபேசிக்குப் படம் வந்தது: கறுப்புத் திரை நிறைய வட்ட வட்ட நிலவுகள். வாலைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதே இரத்தத்தில் மருந்தைக் கலந்தபோது வால்கள் நீண்டன. ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் நொதியைச் சேர்த்தபோது இன்னும் நீண்டன. செய்முறையில் பிழை இல்லை. பேராசிரியர் தொடரச் சொன்னார். அன்றைய கட்டத்தில் அவள் சிவப்பு மையில் ஒரு வட்டம் மட்டும் போட்டாள். அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை.

அண்ணன் ஸ்பிரேயை நிறுத்திவிட்டு மறுபடி இரத்தம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். அவருடைய செடி இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த வால்கள் ஸ்பிரேயால்தான் வந்தனவா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை. இரத்தம் கொடுத்த வாரம் அவருக்கு மூக்கொழுகும் தடிமனும் இருந்தது; தொற்றாலும் வால் முளைக்கலாம்.