டப்பாவுக்குள் போன கடிகாரம்

அலுவலகத்தில் அவருக்கு ‘இதோ வந்துட்டேன்’ என்று பெயர். ஃபோன் அடித்தால், துண்டோடு குளியலறை வாசலில் நிற்கும்போதும் அதைத்தான் சொல்வார். சொந்தக் கல்யாணத்துக்கே தாமதமாக வந்த மகானுபாவர். இந்த வியாதிக்கு அவர் கண்ட மருந்து, வீட்டுக் கடிகாரங்களை முன்னே தள்ளி வைப்பது. கூடத்துக் கடிகாரம் கொஞ்சம் முந்தும், அடுப்படியில் இருப்பது இன்னும் முந்தும், கைக்கடிகாரம் இரண்டையும் தோற்கடிக்கும். கடைசியில் எதையுமே அவர் நம்புவதில்லை. எப்படியும் நேரம் இருக்கும் என்று சாவகாசமாகச் சவரம் செய்வார்.

மேலாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “இன்னொரு தடவை லேட்டா வந்தா வேற வேலை தேடிக்கங்க” என்று சொல்லியேவிட்டார்.

மனிதர் ஆடிப்போனார். வேறொருவர் என்றால் சீக்கிரம் கிளம்பப் பார்ப்பார். இவர் புரோகிராமர் அல்லவா, ஆப் எழுதினார். கறுப்புத் திரையில் ‘கிளம்பு’ என்று தட்டினால், அது கம்ப்யூட்டரின் மணியைப் பார்த்து, வழியில் ஆகும் நேரத்தைக் கழித்து, ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்றோ ‘உடனே கிளம்பு’ என்றோ பதில் சொல்லும். படமில்லை, பொத்தானில்லை. ஆனால் வேலை செய்தது! ஒரு வாரம் மேலாளருக்கும் முந்தி வந்து உட்கார்ந்திருந்தார். வாசல் காவலாளி, வீட்டில் ஏதும் சண்டையா என்று விசாரித்தார்.

அதோடு விட்டாரா? நன்றாக ஓடுவதைச் சும்மா விட்டால் இவர் கூட்டத்துக்குக் கை அரிக்கும். ஒரு மாலை ஆப்பைக் கன்டெய்னரில் போட்டார். அதாவது, புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே டப்பாவில் அடைத்துவிடுவது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஒரே மாதிரி ஓடுமாம். ஓட வேண்டியதோ ஒரே ஒரு கம்ப்யூட்டரில், அதுவும் இவர் சாப்பாட்டு மேசையில்.

“நல்லாத்தானே இருந்துச்சு, அதை ஏன் நோண்டுறீங்க?” என்றாள் மனைவி.

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

ஓட்டிப் பார்த்தார். ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்றது. சாயங்காலத்தில் அதுதானே சரியான பதில்? திருப்தியாகத் தூங்கப் போனார்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்த ஊர் நேரம் டப்பாவுக்குத் தெரியாது. உலகப் பொது நேரத்தில், ஊருக்குப் பல மணி நேரம் பின்னால் அது பாட்டுக்கு இருந்தது. ஊர் நேரத்தை அதற்குச் சொல்லி வைக்க வேண்டியவர் சொல்லவில்லை.

காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். “என்னங்க, மணியைப் பார்த்தீங்களா?”

“இந்த வீட்டுக் கடிகாரமெல்லாம் பொய் சொல்லும். ஆப் இன்னும் சொல்லல.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். இவர் இரண்டாவது காப்பி போட்டார். ‘கிளம்பு’ தட்டினார். நேரம் இருந்தது. செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படித்தார். ஒழுங்காக வாழ்ந்தால் காலைப்பொழுது எவ்வளவு நீளம் என்று அவருக்கே ஆச்சரியம்.

ஃபோன் அடித்தது. மேலாளர்.

“இதோ வந்துட்டேன் சார்” என்று வாய் தானாகச் சொன்னது.

“வேணாம். அங்கேயே இருங்க.”

“சார், என் மெஷின்ல கரெக்டாதான்...”

மேலாளர் ஃபோனை வைத்துவிட்டார்.

வேலை போனவர் முதல் காரியமாக வேறு வேலை தேடவில்லை. டப்பாவுக்கு ஊர் நேரத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஒரே ஒரு வரிதான். மறுநாள் சவரம் செய்து, சட்டையை மாட்டிக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்து தட்டினார். ‘உடனே கிளம்பு’ என்றது.

“பாத்தியா? இப்ப கரெக்டா சொல்லுது!”

மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். “எங்கேன்னு சொல்லுதா?” என்று கேட்டுவிட்டு, நேரத்தோடு தன் வேலைக்குப் போனாள்.