அமராவதிக் கரையில் கூடாரத்துக்கு ஓர் இடம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் கேட்பதைச் செய்து கொடுத்து, சரக்கு கப்பல் ஏறும்வரை அவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. அவர்களுக்காக என்னென்னவோ தேடியிருக்கிறேன். அவர்கள் நினைப்பில் இருக்கிற பச்சையை, குழந்தை கடித்து இழுத்தாலும் கழன்று வராத பட்டனை. ஆற்றங்கரையில் கூடாரம் போட இடம் தேடியது மட்டும் ஒரே ஒரு தடவைதான்.

அந்த பையர் ஹாலந்துக்காரர். எட்டு வருஷமாக எங்களிடம் குழந்தைகளுக்கான இரவு உடைகள் வாங்கியவர். கடையை விற்றுவிட்டு, மனைவியோடு ஒரு வண்டியில் தரை வழியாகவே இந்தியாவுக்குக் கிளம்பியிருந்தார். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. ராஜஸ்தானிலிருந்து ஒரு ஈமெயில் அனுப்பியிருந்தார். வரைபடத்தில் உங்கள் ஊருக்கு நடுவே ஓர் ஆறு ஓடுகிறது, அதன் கரையில் மூன்று நாள் தங்க ஆசைப்படுகிறோம், இடம் பார்த்து வையுங்கள் என்று.

அதை எங்கள் முதலாளி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நொய்யலையா சொல்றாரு?"

"ஆமா சார்."

அப்போது நொய்யலில் ஓடியது சாயப்பட்டறைக் கழிவு, அதைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் கருநீலமாக ஓடும், மறுநாள் ரத்தச் சிவப்பாக ஓடும். பாலத்தைக் கடக்கும்போது பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வோம்.

"அது வேண்டாம் அம்மிணி. வேற ஆறாப் பாரு. நீ தாமிரபரணிக்காரிதானே, ஆத்தங்கரையப் பத்தி உனக்குத் தெரியாததா? டிரைவரக் கூட்டிட்டுப் போயி ஒரு நல்ல எடமாப் பாத்துட்டு வா. அவரு மனசு கோணக் கூடாது."

அவர் சொன்னது உண்மைதான். நான் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம் பிறந்தவள். அப்பா பஞ்சாலை வேலை போன பிறகு குடும்பத்தோடு திருப்பூர் வந்தார். ஊரில் பள்ளிக்கூடம் விட்டதும் ஆற்றில்தான் கிடப்போம். ஆனால் ஆற்றில் குளிக்கத் தெரிவதும் ஆற்றங்கரையில் ஒரு வீட்டை நிறுத்த இடம் பார்க்கத் தெரிவதும் வேறு வேறு என்று அந்த வாரம்தான் புரிந்தது.

என்னென்ன வேண்டும் என்று அவருக்கு எழுதிக் கேட்டிருந்ததற்குப் பதில் வந்தது. தரை சமமாக இருக்க வேண்டும், வண்டி சாய்ந்து நின்றால் ஃபிரிட்ஜ் வேலை செய்யாது. நிழல் வேண்டும். குடிக்க நல்ல தண்ணீர் பக்கத்தில் வேண்டும். வழியில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி இருக்கக் கூடாது. உள்ளே புழுக்கமாக இருந்தால் மனைவி வெளியே கூடாரம் போட்டுத்தான் தூங்குவாள், அதற்கு மெத்தென்று ஓர் இடம். கடைசியாக ஒரு வரி: கோவில் ஒலிபெருக்கி கேட்காத தூரம்.

கடைசி வரியைப் படித்துக் காட்டியதும் எங்கள் டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். ஐம்பது வயதுக்காரர், தாராபுரம் பக்கத்து ஆள். "அப்படி ஒரு எடம் தமிழ்நாட்டுலயே இல்லீங்க மேடம்" என்றார்.

முதலில் பவானிக்குப் போனோம். கூடுதுறையில் தர்ப்பணம் கொடுக்கிற கூட்டம். கொடுமுடியிலும் அதே கதை. காவேரி அகலமாக, அழகாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் மனிதர்கள் நின்றார்கள். வெள்ளைக்காரர் இருவர் பல் தேய்ப்பதை நூறு பேர் சுற்றி நின்று பார்ப்பதை நினைத்துப் பார்த்தேன். திரும்பிவிட்டோம்.

மறுநாள் டிரைவர் தன் ஊர்ப் பக்கமே வண்டியைத் திருப்பினார். அவிநாசிபாளையத்தில் டீ குடித்துவிட்டு தாராபுரம் போய், அங்கிருந்து அமராவதிக் கரையோரமாகவே போனோம். ஒரு இடத்தில் மருத மரங்கள் அருமையாக நிழல் விரித்திருந்தன. டிரைவர் இறங்கி, "இதைவிட என்னங்க வேணும்?" என்றார். நான் மரங்களைச் சுற்றிப் பார்த்தேன். என் நெஞ்சு உயரத்தில் கிளைகளில் வைக்கோலும் கிழிந்த பிளாஸ்டிக்கும் சிக்கிக் காய்ந்து தொங்கின. தண்ணீர் வந்த உயரம் அது.

"அண்ணே, இங்கன வரைக்கும் தண்ணி ஏறுது பாத்தியளா?"

"அது ஐப்பசி மழைக்கு வந்ததுங்க மேடம். இது மாசி. இப்ப எங்கீங்க தண்ணி?"

எதிரே ஆறு ஒரே மணலாகக் கிடந்தது. நடுவில் அங்கங்கே முழங்கால் ஆழத்துக்குக் குட்டைகள்.  ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

இன்னும் ஒரு மைல் தள்ளி, கிளுவை வேலி போட்ட தென்னந்தோப்பு ஒன்று உயரமான கரைமேல் இருந்தது. வண்டி திரும்பக் களம் இருந்தது, கிணறு இருந்தது. தோப்புக்காரி நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண். புருஷன் திருப்பூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் போட்டிருந்தார், தோட்டத்தை இவர் ஒருத்திதான் பார்த்துக்கொண்டார். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"ஏனுங்க, ஊட்டையே ஓட்டிட்டு வந்திருக்கறாங்களா?"

"ஆமாங்க" என்றார் டிரைவர்.

"அப்பக் கொண்டாந்து நிறுத்தச் சொல்லுங்க. நானும் பாக்கோணும்."

நான் ஆற்றைக் காட்டி, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன். "தீவாளிக்கு வந்ததுங்க கண்ணு. பயிருக்குத் தண்ணி கேட்டு எழுதிக் குடுத்திருக்கறாங்க. டேம்ல எப்பத் தொறப்பாங்கன்னு எங்களுக்கே தெரியாது. வந்தாத்தான் வந்துச்சு" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அந்த வண்டி வந்தது. எட்டு வருஷமாக ஈமெயிலிலும் வருஷத்துக்கு ஒரு முறை கோட்டு சூட்டிலும் பார்த்த மனிதர் அரைக்கால் சட்டையோடு இறங்கினார். வெயிலில் சிவந்து மூக்குத் தோல் உரிந்திருந்தது. மனைவி ஒல்லியாக, உயரமாக, வெள்ளைத் தலைமுடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். தோப்புக்காரி வண்டிக்குள் ஏறி அடுப்பைத் திருகிப் பார்த்தார், படுக்கையை அமுக்கிப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அந்த ஹாலந்துக்கார அம்மாள் கரையோரம் போய் மணலைப் பார்த்துவிட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி ஓடினார். குட்டையில் கொக்குகள் நின்றன. மணல் அகலமாக, சுத்தமாகக் கிடந்தது. அங்கிருந்து இரு கைகளையும் வீசிப் புருஷனைக் கூப்பிட்டார். அவரும் இறங்கிப் போய், ஒரு குட்டைக்குப் பக்கத்தில் காலடியால் அளக்கத் தொடங்கினார். கூடாரம் இங்கேதான், இரண்டு பேருமே இதில் தூங்கப் போகிறோம், மேலே வண்டி சும்மா நிற்கட்டும் என்றார்.

 பையரிடம் முடியாது என்று சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொடுத்த பாடம் அது. இருபது நாளில் ஆகாத வேலையைப் பதினைந்து நாளில் ஆகும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"இங்கே வேண்டாம் சார்" என்றேன்.

அவர் அளப்பதை நிறுத்தினார். "ஏன்?"

"தண்ணீர் வரலாம்."

"மழை வரப் போகிறதா?"

"இல்லை. அணையைத் திறப்பார்கள்."

"எப்போது?"

"தெரியாது."

"திறக்கப் போவதாக அறிவித்திருக்கிறார்களா?"

"அதுவும் தெரியாது."

அரை சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு ஒரு லாட் சரக்கையே திருப்பி அனுப்புகிறவர் அவர். ஆதாரம் இல்லாத பேச்சு அவரிடம் எடுபடாது. என்னை உற்றுப் பார்த்தார். "எட்டு வருஷத்தில் நீ என்னிடம் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. முடியாதபோதும் சொன்னதில்லை" என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு ஒன்று ஜனவரியில் போய்ச் சேர்ந்தது. ஆகும் ஆகும் என்று கடைசிவரை எழுதியது நான்தான்.

 இருந்தாலும், "அப்போது சொல்லியிருக்க வேண்டும் சார். இப்போது சொல்கிறேன். மணலில் தூங்க வேண்டாம்" என்றேன்.

அவர் கொஞ்ச தூரம் நடந்து போய் முதலாளிக்குப் போன் போட்டார். இரண்டு நிமிஷத்தில் என் போன் அடித்தது.

"மணல்ல போட்டா என்ன அம்மிணி? அவரு கேக்கறதக் குடு."

"சார், தண்ணி வந்துட்டா?"

"வரலைன்னா?"

 "வரலைன்னா என்னைத் திட்டிக்கிடுங்க சார்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

கடைசியில் தீர்த்து வைத்தது அந்த அம்மாள்தான். புருஷனிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி ஆங்கிலத்தில், "பகலில் மணலில் உட்காரலாமா?" என்றார். உட்காரலாம் என்றேன். "அப்படியானால் தூக்கம் மேலே, காபி கீழே" என்றார். புருஷன் கூடார மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் கரையேறினார். தென்னை மரங்களுக்கு நடுவே தரை கெட்டியாக இருந்தது. முளை அடிக்கும்போது இரண்டு கம்பிகள் வளைந்தன. ஒவ்வொரு அடியும் என் தலையில் விழுவதுபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு நானே முட்டாளாகத் தெரிந்தேன். ஆறு அசையாமல் கிடந்தது. அவர்கள் இரண்டு மடக்கு நாற்காலிகளை மணலில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.  கூடவே இரு என்று முதலாளி சொல்லியிருந்ததால் நான் தோப்புக்காரி வீட்டிலும் டிரைவர் பக்கத்து ஊரில் தன் தங்கை வீட்டிலும் தங்கினோம். "நீங்க சொன்னது சரிதானுங்க கண்ணு" என்று தோப்புக்காரி சோறு போட்டார். "ஆனா இந்தத் தண்ணி எங்க பேச்சையும் கேக்காது, உங்க பேச்சையும் கேக்காது." படுக்கும்போது தண்ணீர் வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்டது வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தோப்புக்காரி கரையிலிருந்து கத்தினார்.

"கண்ணு! வந்துருச்சு!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். வெள்ளம் இரைந்து பாய்ந்து வரும் என்று நினைத்தால், சத்தமே இல்லை. மேற்கே மணலின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. காய்ந்த சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, கை அகலத் தண்ணீர் ஒன்று மணலை நக்கியபடி ஊர்ந்து வந்தது. ஒரு குட்டையை நிரப்பியது, அடுத்த குட்டைக்கு நகர்ந்தது. கொக்குகள் நாலடி தள்ளி உட்கார்ந்தன. பத்து நிமிஷத்தில் அதற்குப் பின்னால் இன்னும் தண்ணீர் வந்தது, வேகமாக.

மடக்கு நாற்காலிகள் இரண்டும் ராத்திரி மணலிலேயே இருந்தன. அவர் கூடாரத்திலிருந்து வெளியே வந்தவர் அதைப் பார்த்ததும் கீழே இறங்கப் போனார். "போகாதீங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவருக்கு எப்படிப் புரிந்ததோ, நின்றுவிட்டார். ஒரு நாற்காலி சாய்ந்தது, மிதந்தது, ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கே போயே போய்விட்டது. இன்னொன்று அதன் பின்னால் போனது. மத்தியானத்துக்குள் அவர் காலடியால் அளந்த இடத்தில் ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீர்.

 அப்படியே ஒரு தென்னை வேர்மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. ரெண்டும் சேர்ந்துதான் வந்தது. அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். தோப்புக்காரி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்வெட்டியோடு வாய்க்கால் மடையைத் திறக்க ஓடிக்கொண்டிருந்தார். வாடிக்கொண்டிருந்த மக்காச்சோளத்துக்கு அந்தத் தண்ணீர் வந்ததில் அவருக்கு இருந்த ஆசுவாசம் என்னுடையதைவிடப் பெரியது.

 ஹாலந்துக்காரர் வண்டிக்குள் போய் இரண்டு கோப்பைக் காபி போட்டு எடுத்து வந்து, ஒன்றை என் கையில் கொடுத்தார். தரையில் உட்கார்ந்தார்.

"ராத்திரி வந்திருந்தால் எங்களுக்குக் கேட்டிருக்காது" என்றார்.

"ஆமா சார், சத்தமே வரலை."

"நேற்று உன்மேல் கோபமாக இருந்தேன்."

"தெரியும் சார்."

அவ்வளவுதான் பேசினோம். முதலாளிக்கு நானே போன் செய்து சொன்னேன்.  "நல்லவேளை அம்மிணி" என்றார். திரும்பவும், "நல்லவேளை" என்றார். நேற்று போனில் பேசியதைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அவர்கள் சொன்னபடி மூன்று நாளும் இருந்தார்கள். கிழக்கே ஏதோ ஒரு கோவிலில் காலையில் ஒலிபெருக்கி பாடத்தான் செய்தது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. தோப்புக்காரியும் அந்த அம்மாளும் வாய்க்காலில் சேர்ந்து துணி துவைத்தார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது, ஆனாலும் பேச்சு ஓயவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் ஹாலந்துக்காரர் என்னிடம், உங்கள் ஊருக்குள் ஓடும் ஆற்றை ஏன் காட்டவில்லை என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன், அதன் நிறத்தையும் நாற்றத்தையும். சனிக்கிழமைக்கு முன்னால் கேட்டிருந்தால் அங்கே சாலை வேலை நடக்கிறது என்று ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் வாங்கிய நிறங்களும் அதில் இருக்கும்" என்றார். சொல்லிவிட்டதில் எனக்கு மூச்சு லேசானது.

செவ்வாய்க்கிழமை காலை வண்டி பழனிப் பக்கம் கிளம்பியது. தோப்புக்காரி இரண்டு இளநீர்க் குலைகளைப் பின்னால் ஏற்றிவிட்டார். வேலியைத் தாண்டி அது மறைகிற வரைக்கும் நாங்கள் மூவரும் நின்றோம்.

"இனி நம்ம போலாமுங்களா மேடம்?" என்றார் டிரைவர்.

காரில் ஏறியதுதான் தெரியும். தாராபுரம் வருவதற்குள் தூங்கிவிட்டேன். கம்பெனி கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, எழுப்ப மனசு வராமல் அவர் கால் மணி நேரம் வெளியே நின்றுகொண்டிருந்தாராம்.