வில்மர் துரையிடம் நான் சொன்ன பொய்

வில்மர் துரை இறந்துவிட்டார். இன்று காலைத் தபாலில் லெட்டர் வந்தது... கப்பலோடு மூழ்கிப்போனார் என்று ஒரே வரி.

இப்போது பாளையங்கோட்டையில் மருந்து கலக்கும் நான், ஜெர்மன் யுத்தம் தொடங்கிய வருஷம் ஒரு பீரங்கிக் கப்பலில் கம்பவுண்டராக இருந்தேன். அவர் அங்கே லெப்டினன்ட். வயது இருபத்தாறு.

என்னை அவர் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியும் கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம், சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறோம்... ஜெர்மன் கப்பல் எதிரே வந்துவிட்டது. எங்கள் பின்னால் ஒரு ஸ்டீமர், நிறைய ஜனங்கள், ஒரு பீரங்கிகூடக் கிடையாது.

முதல் குண்டிலேயே கேப்டன் போய்விட்டார். வில்மர் துரைதான் கப்பலைத் திருப்பி இரண்டுக்கும் நடுவே நிறுத்தினார்.

ஒரு கையைப் பெல்ட்டுக்குள் இறுகச் செருகிக்கொண்டே உத்தரவு கொடுத்தார்.

அவர் தொடையில் இரும்புத் துண்டு பாய்ந்தது. துணியோடு ஓடினேன். "அப்புறம், டாக்டர்" என்றார்.

ஸ்டீமர் கண்ணுக்கு மறைந்தது. ஜெர்மன் கப்பலும் அடிபட்டு விலகிப் போனது. ஆனால் எங்கள் பாய்லர் அறை உடைந்து, உள்ளே கொதிக்கிற ஆவி... கரி தள்ளுகிற மூன்று பேர் கீழே.

நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்தக் காலோடு, அவரே ஏணியில் இறங்கினார். ஒருவனைத் தூக்கி வந்தார். மறுபடி இறங்கி எங்கள் ஊர்ப்பக்கத்து மேலப்பாளையம் காசிமைத் தூக்கி வந்தார்.

மூன்றாம் முறை போகத் திரும்பினார். முகமெல்லாம் வெந்திருந்தது. நான் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பீரங்கிச் சத்தத்தில் அவர் காது அடைத்துப்போயிருந்தது. கீழே காசிமின் அண்ணன் மீரான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

யாரும் உயிரோடு இல்லை என்று கையை விரித்துக் காட்டினேன்.

நம்பினார்... அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் எழுதிக் கேட்டார், கீழே சத்தம் நின்ற பிறகுதானே என்னைப் பிடித்தாய் என்று. ஆமாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஊருக்குப் போகலாம் என்று சொன்னார்கள். அவர் போகவில்லை. காது தேறியதும் நொண்டிக்கொண்டே வேறு கப்பல் ஏறினார்.

இன்று லெட்டரை எடுத்துக்கொண்டு மேலப்பாளையம் போனேன். காசிமிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சத்தம் உமக்குக் கேட்டுதா வே?" என்றான்.

கேட்டது என்றேன்.

எழுந்து தொழுகைக்குக் கைகால் கழுவினான். "அண்ணனுக்கும் துஆ செய்யுதேன். துரைக்கும் செய்யுதேன்... இப்பம் நீரு போயிரும் வே."

வந்துவிட்டேன்.

துரை, போய் வாருங்கள். கம்பவுண்டர் சாமுவேல் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.